கூரையின் காவல் அதன் ஓரம்

(கட்டடப் பொறியாளர்கள், ஒப்பந்ததாரர்கள், மாணவர்கள் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொழிற்சாலை, கிடங்கு, மருத்துவமனை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் போன்ற பெரிய கட்டடங்களின் கூரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடந்த இருநூறு ஆண்டுகளில் கூரைப் பொருள்களில் எத்தனையோ கண்டுபிடிப்புகள் வந்துவிட்டன. தார் வந்தது, நெளிதகடு வந்தது, ரப்பர் விரிப்பு வந்தது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை விரிப்பும் வந்தது. இவற்றைப் பற்றி விளம்பரம் உண்டு, கண்காட்சி உண்டு. இவற்றையெல்லாம் கட்டடத்தோடு பிடித்து வைத்திருக்கும் ஓரத்தைப் பற்றிப் பேசுவார் குறைவு. ஒரு கூரை நிற்பதும் பறப்பதும் பெரும்பாலும் அதன் ஓரத்தில்தான் முடிவாகிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு செய்திதான்.

கழிவிலிருந்து வந்த கூரை

முதலில் பொருள்களைப் பார்ப்போம். 1840-களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வாரன் சகோதரர்கள் கூரைத் தொழில் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் தெருவிளக்குக்கான எரிவாயுவை நிலக்கரியைச் சுட்டு எடுத்தார்கள். அப்படி எடுக்கும்போது மிஞ்சிய கழிவுதான் நிலக்கரித் தார். துணி போன்ற தடித்த தாளை அந்தத் தாரில் ஊற வைத்து, அடுக்கடுக்காகக் கூரைமேல் ஒட்டி, மேலே கூழாங்கல் பரப்பினார்கள். சூரிய ஒளி தாரைச் சிதைக்காமலும், பறந்து வரும் தீப்பொறி பற்றாமலும் கல் பார்த்துக்கொண்டது. ஏறக்குறைய தட்டையான பெரிய கூரையை மலிவாகப் போட முடியும் என்ற நம்பிக்கை இப்படித்தான் வந்தது. மூன்று முதல் ஐந்து அடுக்கு வரை போட்ட இந்தத் தார்க்கூரை, நூறாண்டுக்கு மேல் அமெரிக்கத் தொழிற்கூடங்களின் தலைக்குமேல் இருந்தது.

அதற்குச் சற்று முன், லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் 1829-இல் நெளி இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய தகட்டில் அலை அலையாக நெளிவு கொடுத்தால், வளையாமல் தன்னையே தாங்கிக்கொள்ளும் வலிமை அதற்கு வந்துவிடுகிறது. 1837-இல் பிரான்சில் சோரெல் என்பவர் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். நெளிவும் பூச்சும் சேர்ந்தபோது, துருவுக்கு எளிதில் இடம்கொடாத தகரக்கூரை கப்பலேறி உலகமெல்லாம் போனது. 1972-இல் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் 55 விழுக்காடு அலுமினியமும் 43.4 விழுக்காடு துத்தநாகமும் மீதி சிலிக்கானும் சேர்ந்த பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர்த் தொழிற்பேட்டைகளில் பளபளக்கும் ஷீட்டுகள் பலவற்றின் மேல் இருப்பது அந்த வகைப் பூச்சுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் ஆஸ்பெஸ்டாஸ் நாரையும் சிமென்ட்டையும் சேர்த்துத் தகடாக்கும் முறையைக் கொடுத்தார். துருப்பிடிக்காது, தீப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் அந்த நார்த்தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. ஒரு கண்டுபிடிப்பை அது தீர்த்துவைத்த குறையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் போதாது, அது புதிதாகக் கொண்டுவந்த தீங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு இந்த ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட்டே சாட்சி.

ஒற்றை விரிப்பு

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. தார்க்கூரையில் நிலக்கரித் தாருக்கு மாற்றாக வந்திருந்த பிட்டுமன் பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது; அதன் விலையும் ஏறியது. கொதிக்கும் தாரைக் கூரைமேல் ஏற்றி ஊற்றும் வேலைக்கு ஆள் கிடைப்பதும் கடினமானது. 1960-களிலேயே வந்திருந்த ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் விரிப்புக்கு அப்போதுதான் நல்ல காலம் பிறந்தது. நாலைந்து அடுக்கு வேண்டிய இடத்தில் ஒரே விரிப்பு போதும். 15 மீட்டர் வரை அகலமுள்ள ஒற்றை விரிப்பைச் சுருட்டி மேலே ஏற்றி, விரித்து, ஓரங்களை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. அது கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் சேர்த்திருக்கும் கரித்தூள். புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்தக் கரிதான். நீங்கள் ஷீட் கூரையில் முடுக்கும் திருகாணித் தலைக்கு அடியில் கறுப்பு வாஷர் ஒன்று இருக்கிறதே, அதுவும் இதே ஈபிடிஎம் குடும்பம்தான்.

ஐரோப்பாவிலிருந்து பிவிசி விரிப்பு வந்தது. வெப்பக்காற்றால் இணைப்பை உருக்கி ஒன்றாக்கலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் வலைநார் சேர்க்காமல் செய்த தொடக்ககால பிவிசி விரிப்புகளில் மென்மை கொடுக்கும் பொருள் ஆண்டுகள் போகப் போக வெளியேறியது. சில கூரைகள் குளிர்காலத்தில் கண்ணாடிபோல் நொறுங்கின. அதன்பின் 1990-களின் தொடக்கத்தில் டிபிஓ என்ற வெள்ளை விரிப்பு வந்தது. இதையும் வெப்பக்காற்றால் பற்றவைக்கலாம், வெயிலையும் திருப்பி அனுப்பும். கலிபோர்னியா மாநிலம் 2005-ஆம் ஆண்டு எரிசக்தி விதிகளில் வணிகக் கட்டடங்களின் தட்டைக் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பும் மேற்பரப்பை விதியாகவே சேர்த்தது.

இத்தனை பொருள்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாமே தண்ணீரை நிறுத்துவதற்காக வந்தவை. காற்றை நிறுத்துவது இன்னொரு வேலை. அந்த வேலை நடக்கும் இடம் வேறு.

காற்று என்ன செய்கிறது?

காற்று கூரையை அழுத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். தட்டைக் கூரையில் நடப்பது நேர் எதிர். சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, கூரை விளிம்பைத் தாண்டும்போது தளத்தோடு ஒட்டி வராமல் பிரிந்துவிடுகிறது. பிரிந்த இடத்துக்குக் கீழே அழுத்தம் குறைகிறது. கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. காற்று மூலைக்குச் சாய்வாக வந்தால் இன்னும் மோசம். மூலையிலிருந்து இரண்டு விளிம்புகளையும் ஒட்டிக் கூம்பு வடிவச் சுழல்கள் இரண்டு உருவாகின்றன. கூரை முழுவதிலும் உறிஞ்சல் மிகக் கடுமையாக இருப்பது அந்தச் சுழல்களுக்கு அடியில்தான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் இந்தியத் தர விதி ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்று சொல்கிறது. வேகத்தின் இருமடியை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். ஏறத்தாழ 150 கிலோ எடை. தட்டைக் கூரையின் ஓரத்தில் உறிஞ்சல் கெழு 2 வரை போகும். அப்படியானால் 300 கிலோ. இதோடு, பெரிய ரோலிங் ஷட்டர் காற்றில் பிய்ந்து உள்ளே காற்று புகுந்துவிட்டால் அந்தக் காற்று அடியிலிருந்தும் தள்ளும். அதற்கான கெழு 0.7 வரை. மொத்தம் சதுர மீட்டருக்கு 400 கிலோ அளவுக்கு மேல்நோக்கிய இழுப்பு. அரை மில்லிமீட்டர் இரும்பு ஷீட்டின் சொந்த எடை சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட வராது. ஐந்து கிலோ தகட்டை நானூறு கிலோ இழுப்பிலிருந்து காப்பாற்ற வேண்டியது சில திருகாணிகளும், ஷீட்டைத் தாங்கும் சில பர்லின் சட்டங்களும், ஓரத்தில் ஒரு மடிப்புத் தகடும்தான். வடிவமைப்பில் நிலப்பரப்பு, உயரம் போன்றவற்றுக்கான திருத்தங்கள் இந்தக் கணக்கில் சேரும். ஆனாலும் அளவு எப்படிப்பட்டது என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தோசையை யாரும் நடுவில் பிடித்து எடுப்பதில்லை, ஓரத்தில்தான் திருப்பியை நுழைக்கிறோம். காற்றும் அதைத்தான் செய்கிறது. ஓரத் தகடு விரல் அகலம் கிளம்பினால் போதும். காற்று அதற்கு அடியில் புகுந்து, நடுவில் எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் விரிப்பை வரிசையாக உரித்துக்கொண்டே போகும்.

இது வெறும் ஊகமல்ல. தொழிற்சாலைகளுக்குக் காப்பீடு தரும் எஃப்எம் குளோபல் நிறுவனம், அடுக்குத் தார்க்கூரைகளில் ஏற்பட்ட 145 இழப்புகளை ஆராய்ந்தது. அவற்றில் 85 இழப்புகளில், அதாவது 59 விழுக்காட்டில், கூரையின் சுற்றோரம் தோற்றதே காரணம் என்று கண்டது. பரப்பைப் பார்த்தால் ஓரம் கூரையில் ஒரு சிறு பங்கு. சேதத்தில் பாதிக்குமேல் அதன் பங்கு.

ஓரத் தகட்டின் வரலாறு

ஓரத்தில் நடந்த கண்டுபிடிப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பழைய தார்க்கூரையின் விளிம்பில் கூழாங்கல் கீழே உருண்டு விழாமல் இருக்க ஒரு தகட்டை மடித்து ஆணி அடித்து வைத்தார்கள். தகட்டின் ஒரு பக்கம் சுவருக்கு வெளியே தொங்கும். இன்னொரு பக்கம் கூரைமேல் படிந்து, தாரடுக்குகளுக்கு இடையில் புதைந்திருக்கும். பார்ப்பதற்கு உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் சில ஆண்டுகளில் தகடும் தகடும் சேரும் இடத்திலெல்லாம் கூரை கீறியது, தண்ணீர் இறங்கியது.

காரணம் வெப்பம். மூன்று மீட்டர் அலுமினியத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 20 டிகிரியில் இருக்கும் அது, உச்சி வெயிலில் 65 டிகிரிக்குப் போகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் ஒரு மீட்டருக்கு 0.023 மில்லிமீட்டர் நீளும். கணக்குப் போட்டால் அந்தத் துண்டு ஒரே நாளில் மூன்று மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. அதோடு ஒட்டியிருக்கும் தார்த்தாள் அந்த அளவுக்கு நீளாது. தினமும் ஒருமுறை இழுக்கப்படும் தாள் ஒருநாள் கிழிந்தே தீரும்.

இதற்குக் கண்ட வழியில் நல்ல சிந்தனை இருக்கிறது. கூரை விரிப்பைப் பிடிக்கும் வேலையையும் வெளியே தெரியும் தகட்டின் வேலையையும் பிரித்துவிட்டார்கள். விரிப்பை விளிம்புக்கு வெளியே மடித்து, ஓர் அழுத்துபட்டையால் மரச்சட்டத்தோடு இறுக்கிவிடுவது ஒரு வேலை. அதன்மேல் தனியாக ஓர் அலங்காரத் தகட்டைக் கொக்கியில் மாட்டி, அழுத்திப் பூட்டுவது இன்னொரு வேலை. மேல்தகடு கொக்கியில் தாராளமாக நகரலாம். அது நீண்டாலும் சுருங்கினாலும் விரிப்புக்கு வலிக்காது. கீழ்விளிம்பு முழுவதும் தொடர்ச்சியான கொக்கிப்பட்டையில் மாட்டியிருப்பதால் காற்றும் அதைக் கிளப்ப முடியாது. இரும்புத் தகட்டுக் கூரையிலும் இதே எண்ணம் வேறு வடிவில் வந்தது. 1969-இல் பட்லர் நிறுவனம் கொண்டுவந்த நிமிர்மடிப்புக் கூரையில், ஷீட்டைத் துளைக்காமல் மடிப்புக்குள் மறைந்த பிடிகள் ஷீட்டைப் பிடித்தன. வெப்பத்தில் நகரவும் விட்டன.

அடுத்த கேள்வி, ஓரத் தகடு எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பது. நெடுங்காலம் அதற்கு ஒரு பொதுச் சோதனையே இருக்கவில்லை. அமெரிக்காவின் ஒற்றை விரிப்புக் கூரைத் தொழிலமைப்பான ஸ்பிரி, 1998-இல் இஎஸ்-1 என்ற ஓரத் தரத்தை வெளியிட்டது. அதில் மூன்று சோதனைகள். விரிப்பின் முடிவிடத்தை 45 டிகிரி சாய்வில் இழுத்துப் பார்ப்பது முதலாவது. ஓரத் தகட்டின் முகத்தை வெளிப்புறமாக இழுப்பது இரண்டாவது. கைப்பிடிச் சுவரின் தலைமேல் மூடும் தகட்டை மேலேயும் பக்கவாட்டிலும் இழுப்பது மூன்றாவது. 2003-ஆம் ஆண்டின் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு இந்தத் தரத்தைக் கட்டாயமாக்கியது. பட்டறையில் யாரோ மடித்துக் கொடுப்பதை வாங்கி ஆணியடித்துக்கொண்டிருந்த தகடு, சோதித்து எண் கொடுத்து வாங்க வேண்டிய உறுப்பானது. என் மதிப்பில் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். ஒரு புதிய பொருளைவிட, ஓரத்தை அளந்து பார்க்க வேண்டும் என்ற தெளிவு அதிகக் கூரைகளைக் காப்பாற்றும்.

புயல்கள் கற்றுத்தந்தவை

இந்தத் தெளிவு புயல்களில் பட்ட அடியால் வந்தது. 1974 கிறிஸ்துமஸ் நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைப் புரட்டிப்போட்டது டிரேசி புயல். விழுந்த ஷீட்டுகளை ஆய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். திருகாணி பல இடங்களில் சட்டத்திலேயே இருந்தது. ஷீட்தான் திருகாணித் துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் வெடித்துக் கிழிந்து போயிருந்தது. காற்றின் இழுப்பு ஒரே தடவையில் வருவதில்லை. விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்குகிறது. தகடு களைத்துக் கிழிகிறது. ஷீட் கூரையைத் திரும்பத் திரும்ப ஏறியிறங்கும் சுமை கொடுத்துச் சோதிக்கும் முறை அதிலிருந்துதான் வலுப்பெற்றது.

1983-இல் ஹூஸ்டன் நகரில் அலிசியா புயல் வீசியபோது, கூரைமேல் பரப்பிய கூழாங்கற்கள் பறந்து போய் உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடிகளை உடைத்தன. தீப்பொறிக்குக் காவலாக வைத்த கல், புயலில் எறிகல் ஆனது. பின்னாளில், 2006-ஆம் ஆண்டின் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு சூறாவளி வீசும் பகுதிகளில் கூரைமேல் கல் பரப்புவதைத் தடுத்தது. 1992-இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவை அழித்த பிறகு, அங்கே கூரைப் பொருள்களைச் சோதித்து ஒப்புதல் பெற்ற பின்பே பயன்படுத்த வேண்டும் என்ற கடுமையான நடைமுறை வந்தது. 2005-இல் கத்ரீனா வீசியபோது, ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்த நியூ ஆர்லியன்ஸ் விளையாட்டரங்கின் கூரையில் மேலுறை உரிந்து, மழை மக்கள் தலைமேல் கொட்டியது. கட்டடம் நின்றது, ஆனால் அடைக்கலம் என்ற பெயருக்கே பொருளில்லாமல் போனது.

நம் கரைக்கு வருவோம்

நமக்கும் இது புதிய பாடமல்ல. 2011-இல் தானே, 2016-இல் வர்தா, 2018-இல் கஜா என்று நம் கடற்கரை பட்ட அடி கொஞ்சமல்ல. நம் முன்னோர் கூரை விளிம்பின் அருமையை அறிந்தவர்கள். கோயில் கட்டடக் கலையில் விளிம்புக்குக் கொடுங்கை என்று தனி உறுப்பே உண்டு. மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளிப் போய் விழ, வளைத்துச் செதுக்கிய கல் அது. ஆவுடையார்கோயில் கொடுங்கையில் மரச்சட்டமும் கம்பியும் குமிழாணியும் இருப்பதுபோலக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். எந்த வேலை சொன்னாலும் செய்வோம், ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற சிலவற்றை மட்டும் கேட்காதீர்கள் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதினார்கள் என்று செவிவழிச் செய்தி சொல்கிறது. கூரையின் முடிவிடத்தில்தான் தன் முழுத்திறமையையும் காட்ட வேண்டும் என்று அந்தச் சிற்பி நினைத்தான்.

இன்று நம் தொழிற்கூடங்களில் அந்த இடம் யாரிடம் போய்ச் சேருகிறது? வரைபடத்தில் தூண் இருக்கும், டிரஸ் இருக்கும், பர்லின் அளவு இருக்கும். ஓரத்தைப் பற்றி ‘ஃப்ளாஷிங் போடவும்’ என்று ஒரு வரி இருக்கும். எந்தக் கனம், எந்த மடிப்பு, எத்தனை மில்லிமீட்டருக்கு ஒரு திருகாணி, எதில் முடுக்க வேண்டும் என்ற விவரம் இருக்காது. வேலையின் கடைசி நாளில், கடைசிக் காசில், மிஞ்சிய தகட்டை மடித்து மாட்டிவிட்டு இறங்குகிறோம். காற்று தொடங்கும் இடத்தில் நம் கவனம் முடிந்துவிடுகிறது.

நம் விதி நூல் இதில் தெளிவாக இருக்கிறது. 2015-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, கிழக்குக் கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் கட்டும் தொழிற்கூடங்களுக்கு வடிவமைப்புக் காற்று வேகத்தை 1.15-ஆல் பெருக்கச் சொல்கிறது. மருத்துவமனை, புயல் பாதுகாப்பு மையம் போன்று புயலுக்குப் பிறகும் இயங்க வேண்டிய கட்டடங்களுக்கு 1.30. சுமைக் கணக்கில் வேகத்தின் இருமடி வருவதால், 1.30 என்பது சுமையில் 69 விழுக்காடு கூடுதல். ஓரத்துக்கும் மூலைக்கும் தனிக் கெழுவும் அதிலேயே இருக்கிறது. விதி இல்லை என்று நாம் தப்பிக்க முடியாது.

ஆகவே உங்களிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

பொறியாளர்களே, கூரை ஓரத்துக்கும் மூலைக்கும் தனி வரைபடம் போடுங்கள். நடுக்கூரையின் திருகாணி இடைவெளியை மூலைக்கும் எழுதாதீர்கள். கடைசிப் பர்லினுக்கு வெளியே ஷீட் எவ்வளவு நீளலாம் என்பதை எண்ணில் எழுதுங்கள்.

ஒப்பந்ததாரர்களே, ஓரத் தகட்டை ரன்னிங் மீட்டர் விலைக்கு மட்டும் வாங்காதீர்கள். அதன் கனத்தையும், அது மாட்டும் கொக்கிப்பட்டையையும், அந்தப் பட்டையைப் பிடிக்கும் சட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றில் எது பலவீனமோ, அதுதான் உங்கள் கூரையின் பலம்.

கட்டட உரிமையாளர்களே, ஐப்பசி பிறக்கும் முன் ஒருவரை மேலே ஏற்றி, ஓரம் முழுவதும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். துருவேறிய திருகாணி, வெடித்த வாஷர், கையால் அசைத்தால் ஆடும் தகடு ஆகியவற்றை மாற்றுவதற்கு ஆகும் செலவு, உள்ளே இருக்கும் ஒரு இயந்திரம் நனைந்தால் ஆகும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை. ஏறுகிறவருக்குப் பாதுகாப்புப் பட்டையும் கயிறும் கொடுங்கள். விளிம்பு கூரைக்கு மட்டும் ஆபத்தான இடமல்ல.

மாணவர்களே, புதிய பொருள் கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். நம் ஊர் ஷீட்டும், நம் ஊர்த் திருகாணியும், நம் ஊர்ப் பட்டறையில் மடித்த ஓரத் தகடும் எத்தனை இழுப்பைத் தாங்கும் என்று இழுத்துப் பாருங்கள். ஒரு ஜாக்கியும், ஒரு சுமைமானியும், மூன்று மீட்டர் மரச்சட்டமும் இருந்தால் உங்கள் கல்லூரிப் பட்டறையிலேயே தொடங்கிவிடலாம். கிடைக்கும் எண்களை வெளியிடுங்கள். இந்தக் கடற்கரைக்கு அந்த எண்கள் தேவை.

புயல் ஒவ்வோர் ஆண்டும் வரும், அதைத் தடுக்க நம்மால் ஆகாது. கூரையை ஓரத்தில் இறுகப் பிடிக்க நம்மால் ஆகும். அதைச் செய்வோம்.